ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு வழக்குகள்

ஏகபோகத்தின் கதை – 9

1982 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை. அமெரிக்க நீதித் துறை அன்று இரண்டு செய்திகளை வெளியிட்டது. ஏடி அண்ட் டி நிறுவனம் தன் உள்ளூர்த் தொலைபேசிக் கம்பெனிகளையெல்லாம் பிரித்துவிடச் சம்மதித்துவிட்டது என்பது முதல் செய்தி. ஐ.பி.எம். மீது பதின்மூன்று ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கை அரசு கைவிடுகிறது என்பது இரண்டாவது செய்தி.

ஒன்று உலகின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனம். மற்றது உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனம். இரண்டின் மீதும் பாய்ந்தது 1890இல் வந்த ஷெர்மன் சட்டம். இரண்டு வழக்குகளையும் முடித்துவைத்தவரும் ஒரே அதிகாரிதான்: நீதித் துறையின் ஏகபோகத் தடுப்புப் பிரிவின் தலைவர் வில்லியம் பாக்ஸ்டர். ஒன்றை ஏன் உடைத்தார்? மற்றதை ஏன் விட்டார்?

சென்ற பகுதியில் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் 1911இல் 34 கம்பெனிகளாக உடைக்கப்பட்டதைப் பார்த்தோம். அதன்பின் எழுபது ஆண்டுகளில் அமெரிக்க அரசு கைவைத்த மிகப் பெரிய ஏகபோகம் ஏடி அண்ட் டி.

கம்பியின் சொந்தக்காரர்

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை கிடைத்தது 1876 மார்ச்சில். 1890களின் நடுவில் பெல்லின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியானதும், ஊருக்கு ஊர் புதிய தொலைபேசிக் கம்பெனிகள் முளைத்தன. ஆனால் ஒரு கம்பெனியின் சந்தாதாரர் இன்னொரு கம்பெனியின் சந்தாதாரரோடு பேச முடியாது. பல நகரங்களில் வியாபாரிகள் இரண்டு தொலைபேசிகளை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் சந்தா கட்டினார்கள்.

1907இல் பெல் கம்பெனியின் வழிவந்த ஏடி அண்ட் டியின் தலைமைக்கு வந்த தியோடர் வெயில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு தீர்வை முன்வைத்தார். நாடு முழுக்க ஒரே அமைப்பு, அதன் மூலம் எல்லோருக்கும் தொலைபேசி. அந்த ஒரே அமைப்பு தன் கம்பெனிதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போட்டிக் கம்பெனிகளை விலைக்கு வாங்கினார். விற்க மறுத்தவர்களுக்குத் தன் தொலைதூரக் கம்பியில் இணைப்பு தர மறுத்தார். பக்கத்து மாநிலத்துக்குப் பேச முடியாத தொலைபேசியை யார் வைத்துக்கொள்வார்கள்?

அரசு வழக்குக்குத் தயாரானது. 1913 டிசம்பர் 19 அன்று நிறுவனத்தின் துணைத்தலைவர் நேதன் கிங்ஸ்பரி அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தில் வைத்திருந்த பங்குகளை விற்றுவிடுகிறோம், சுதந்திரக் கம்பெனிகளுக்குத் தொலைதூர இணைப்பு தருகிறோம், அனுமதியில்லாமல் போட்டியாளர்களை வாங்க மாட்டோம் என்று அதில் வாக்களித்தார். கோட்டை பிழைத்தது. 1934இல் தகவல்தொடர்புச் சட்டம் வந்தது, எஃப்.சி.சி. என்ற ஆணையம் உருவானது. கட்டணத்தை அரசு கண்காணிக்கும், போட்டி இல்லாமல் கம்பெனி தொழில் நடத்தும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது.

இந்த ஏற்பாட்டால் விளைந்த நன்மைகளை மறைக்கக் கூடாது. அமெரிக்கத் தொலைபேசிச் சேவை உலகத்துக்கே முன்மாதிரியாக இருந்தது. அதன் ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸில்தான் 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. ஆனால் உள்ளூர்க் கம்பி, தொலைதூரக் கம்பி, இணைப்பகம், மேசையில் இருக்கும் கருவி, அந்தக் கருவியைச் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலை எல்லாமே ஒரே கையில் இருந்தன. தொலைபேசிக் கருவியைக் கூடச் சந்தாதாரர் சொந்தமாக வாங்க முடியாது. மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும்.

1956: தோல்வி என்று நினைத்த வெற்றி

1949 ஜனவரியில் அரசு முதல் பெரிய வழக்கைப் போட்டது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. ஏழு ஆண்டுகள் இழுத்து, 1956 ஜனவரி 24 அன்று சமரசத்தில் முடிந்தது. தொழிற்சாலை ஏடி அண்ட் டியிடமே இருந்தது. அரசு விலைபோய்விட்டது என்று கண்டனங்கள் எழுந்தன. நாடாளுமன்றத்தில் இமானுவல் செல்லர் தலைமையிலான குழு இதை விசாரித்துக் கடுமையாக எழுதியது.

ஆனால் அந்தச் சமரசத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பெல் அமைப்பு, அதாவது ஏடி அண்ட் டியும் அதன் கம்பெனிகளும், அதுவரை பெற்றிருந்த ஏறத்தாழ 8,000 காப்புரிமைகளையும் கேட்பவர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும் என்பது முதல் நிபந்தனை. தொலைத்தொடர்பைத் தவிர வேறு தொழிலில் இறங்கக் கூடாது என்பது இரண்டாவது.

முதல் நிபந்தனையால், பெல் லேப்ஸின் அறிவு பொதுச்சொத்தானது. டிரான்சிஸ்டர் தொழில்நுட்பம் சின்னக் கம்பெனிகளின் கைக்கு எளிதாக வந்தது. இரண்டாவது நிபந்தனையின் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. 1969இல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். கணினித் தொழிலில் இறங்கத் தடை இருந்ததால் ஏடி அண்ட் டி அதைச் சரக்காக விற்க முடியவில்லை. மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்தது. ஒரு தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தே கணினி அறிவியல் கற்றார்கள். இன்றைய லினக்ஸ் அந்த மரபில் வந்தது.

1956இல் அந்த ஆவணத்தில் கையெழுத்திட்ட எவரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. ஏகபோகத் தடுப்பு வழக்குகளைப் படிக்கும்போது மனத்தில் வைக்க வேண்டிய உண்மை இது: அவற்றின் பெரிய பலன், வழக்கு நடக்கும்போது இன்னும் பிறக்காத தொழில்களுக்குப் போய்ச் சேர்கிறது.

மூன்று சிறிய மனிதர்கள்

பெரிய கோட்டையில் முதல் விரிசலை உண்டாக்கியது அரசு அல்ல. ஹஷ்-ஏ-ஃபோன் என்ற சின்னக் கம்பெனி. தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டிக்கொள்ளும் ஒரு கிண்ணம்தான் அதன் சரக்கு. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. தன் கருவியில் வேறு எதையும் மாட்டக் கூடாது என்று ஏடி அண்ட் டி தடுத்தது. எஃப்.சி.சி. அதற்குத் தலையாட்டியது. கம்பெனியை நடத்திய ஹாரி டட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். 1956 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கையைக் குவித்து வாயருகே வைத்துப் பேசினாலும் இதே பலன்தான். பிறருக்குத் தீங்கில்லாத வகையில் தன் தொலைபேசியைப் பயன்படுத்தச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

அடுத்தவர் டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர். எண்ணெய் வயல்களிலும் பண்ணைகளிலும் வேலை செய்பவர்களின் ரேடியோவைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியைச் செய்தார். தொலைபேசியின் கைப்பிடியை அதன்மேல் வைத்தால் போதும். கம்பியில் கை வைக்கத் தேவையில்லை. 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 கருவிகள் விற்றன. ஏடி அண்ட் டி அவருடைய வாடிக்கையாளர்களை மிரட்டியது. கார்ட்டர் வழக்குப் போட்டார். 1968 ஜூனில் எஃப்.சி.சி. தன் பழைய நிலையைக் கைவிட்டு, அமைப்புக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்று உத்தரவிட்டது. பிறர் தயாரித்த பதில்சொல்லும் கருவி, ஃபேக்ஸ், கணினியின் மோடம் எல்லாம் இந்த உத்தரவு திறந்த வழியில் வீட்டுக்குள் வந்தவை.

மூன்றாவது, எம்.சி.ஐ. இல்லினாயில் ரேடியோ விற்ற ஜாக் கோகன் 1963இல் இதைத் தொடங்கினார். சிகாகோவுக்கும் செயின்ட் லூயிக்கும் இடையே மைக்ரோவேவ் கோபுரங்கள் நட்டு, லாரிக்காரர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் மலிவாகப் பேச வழி செய்ய வேண்டும் என்பது திட்டம். எஃப்.சி.சி. அனுமதி கிடைக்க 1969 ஆனது. அதுவும் நாலுக்கு மூன்று என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில். அதன்பின் தலைமைக்கு வந்த வில்லியம் மெக்கோவன் புதிய சிக்கலைச் சந்தித்தார். ஊர்விட்டு ஊர் பேச அவரிடம் கோபுரம் இருந்தது. ஆனால் அழைப்பு வாடிக்கையாளரின் மேசைக்குப் போய்ச் சேர, உள்ளூர்க் கம்பி வேண்டும். அது ஏடி அண்ட் டியிடம் இருந்தது. இணைப்பு தர இழுத்தடித்தார்கள். கொடுத்த இணைப்புகளைத் துண்டித்தார்கள். 1974 மார்ச்சில் எம்.சி.ஐ. தனியாக வழக்குத் தொடுத்தது. நீதித் துறையும் அந்த ஆவணங்களைக் கவனமாகப் படித்தது.

இரண்டாவது வழக்கு

1974 நவம்பர் 20 அன்று அமெரிக்க அரசு ஏடி அண்ட் டி மீது மீண்டும் வழக்குப் போட்டது. அப்போது ஜெரால்டு ஃபோர்டு குடியரசுத் தலைவர். பத்து லட்சம் பேர் வேலை செய்யும் நிறுவனம் அது. வழக்கு நான்கு ஆண்டுகள் ஆவணப் பரிமாற்றத்திலேயே கிடந்தது. முதல் நீதிபதி நோயுற்று மறைந்தார். 1978இல் கோப்பு ஹெரால்டு கிரீனின் கைக்கு வந்தது.

கிரீனின் வாழ்க்கை கொஞ்சம் நின்று பார்க்கத்தக்கது. 1923இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பிப் பல நாடுகள் வழியாக அமெரிக்கா வந்து, அதன் ராணுவத்தில் சேர்ந்தார். பின்னர் நீதித் துறை வழக்கறிஞராக 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தையும் வரைவதில் முக்கியப் பங்காற்றினார். அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன நடக்கும் என்பதை வாழ்ந்து அறிந்தவர். வழக்கை இழுத்தடிக்க இரு தரப்புக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

1981 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. அதே மாதம் ரொனால்டு ரீகன் பதவியேற்றார். பெருந்தொழிலுக்கு ஆதரவான அரசு, வழக்கைக் கைவிட்டுவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வைன்பெர்கர் வெளிப்படையாகவே அதைக் கோரினார். ஒருங்கிணைந்த தொலைபேசி அமைப்பு நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்பது அவர் வாதம். வர்த்தகச் செயலரும் அதே பக்கம் நின்றார். ஆனால் அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஃப்ரெஞ்ச் ஸ்மித் முன்பு பெல் குடும்பத்துக் கம்பெனி ஒன்றில் இயக்குநராக இருந்தவர். அதனால் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். முடிவெடுக்கும் பொறுப்பு பாக்ஸ்டரிடம் வந்தது.

பாக்ஸ்டர் ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர். பெரிய கம்பெனி என்பதற்காகவே வழக்குப் போடுவதை எதிர்த்தவர். அப்படிப்பட்டவர் ஏடி அண்ட் டி வழக்கை விடாமல் நடத்தியதற்குக் காரணம் உண்டு. ஆற்றைக் கடக்க ஒரே பாலம்; அந்தப் பாலத்துக்குச் சொந்தக்காரரே அக்கரையில் கடையும் வைத்திருக்கிறார் என்றால், மற்றக் கடைக்காரர்களின் வண்டி நேரத்துக்குப் போய்ச் சேராது. உள்ளூர்க் கம்பி அந்தப் பாலம். தொலைதூர அழைப்பும் கருவி விற்பனையும் அக்கரைக் கடைகள். பாலத்தையும் கடையையும் வெவ்வேறு கைகளில் ஒப்படைத்தால் ஒழிய இந்த அநியாயம் தீராது. எவ்வளவு கண்காணித்தாலும் பயனில்லை என்பது பாக்ஸ்டரின் முடிவு.

அரசுத் தரப்பு சாட்சியங்கள் முடிந்ததும், வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி ஏடி அண்ட் டி கேட்டது. 1981 செப்டம்பர் 11 அன்று கிரீன் மறுத்தார். நிறுவனம் நெடுங்காலமாகப் பல வழிகளில் சட்டத்தை மீறியிருப்பதை அரசின் சாட்சியங்கள் காட்டுகின்றன; இல்லையென்று நிரூபிப்பது இனி நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுதினார். தலைவர் சார்லஸ் பிரவுனுக்குக் காற்று வீசும் திசை புரிந்தது. நீதிமன்றம் உடைப்பதற்குள், எதை விடுவது எதை வைத்துக்கொள்வது என்று தானே பேசி முடிப்பது மேல் என்று தீர்மானித்தார். உள்ளூர்க் கம்பெனிகள் இருபத்திரண்டையும் விட்டார். தொலைதூரச் சேவை, வெஸ்டர்ன் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றையும் வைத்துக்கொண்டார். கணினித் தொழிலில் இறங்க 1956 முதல் இருந்த தடையும் நீங்கியது.

கிரீன் அதை அப்படியே ஏற்கவில்லை. பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, திருத்தங்கள் செய்தார். நல்ல வருமானம் தரும் மஞ்சள் பக்கங்கள் உள்ளூர்க் கம்பெனிகளுக்கே போக வேண்டும் என்றார். அவை தாக்குப்பிடித்தால்தான் சாதாரண மக்களின் தொலைபேசிக் கட்டணம் தாங்கும்படி இருக்கும் என்பது அவர் கவலை. 1982 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தார். 1984 ஜனவரி 1 அன்று பெல் அமைப்பு மறைந்தது. இருபத்திரண்டு கம்பெனிகளும் ஏழு வட்டார நிறுவனங்களின் கீழ் வந்தன.

ஐ.பி.எம். ஏன் தப்பியது?

ஐ.பி.எம். வழக்கு 1969 ஜனவரி 17 அன்று, லிண்டன் ஜான்சன் ஆட்சியின் கடைசி வேலைநாளில் போடப்பட்டது. விசாரணை தொடங்கியது 1975இல். நீதிபதி டேவிட் எடல்ஸ்டீன் முன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சாட்சிகள் வந்துகொண்டே இருந்தார்கள். விசாரணைப் பதிவு மட்டும் ஒரு லட்சம் பக்கங்களைத் தாண்டியது. அதற்குள் களமே மாறிவிட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் போன்ற நிறுவனங்கள் சிறு கணினிகளில் முந்தின. ஆப்பிள் வந்துவிட்டது. ஐ.பி.எம்.மிடம் தொலைபேசிக் கம்பியைப் போல மற்றவர்கள் கடந்தே ஆக வேண்டிய பாலம் எதுவும் இல்லை என்று பாக்ஸ்டர் கருதினார். வழக்கில் சாரமில்லை என்று சொல்லி முடித்தார்.

அப்படியானால் பதின்மூன்று ஆண்டுகள் வீணா? 1969 ஜூன் 23 அன்று, வழக்குப் போட்ட ஐந்தே மாதத்தில், ஐ.பி.எம். ஒரு முடிவை அறிவித்தது. அதுவரை இயந்திரத்தோடு சேர்த்து இலவசமாகத் தந்துவந்த மென்பொருளையும் சேவைகளையும் தனியாக விலை வைத்து விற்கப்போவதாகச் சொன்னது. ஏகபோக வழக்கின் நெருக்கடி அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. இலவசமாகக் கிடைத்த பொருளோடு போட்டியிட முடியாமல் இருந்த சிறு மென்பொருள் கம்பெனிகளுக்கு அன்று வழி பிறந்தது. மென்பொருள் தனித் தொழிலாக வளர்ந்ததில் அந்த அறிவிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தீர்ப்பே வராத வழக்கின் பலன் இது.

திறந்த வழியில் வந்தவை

பிரிவினைக்குப் பிறகு அமெரிக்க மக்கள் முதலில் உணர்ந்தது குழப்பம். ஒரே பில் இரண்டானது. உள்ளூர்க் கட்டணம் ஏறியது. முன்பு தொலைதூர அழைப்பின் லாபத்தில் ஈடுகட்டிய செலவு, இப்போது மாதச் சந்தாவில் வந்து உட்கார்ந்தது. பலர் பிரிவினையையே திட்டினார்கள்.

மெல்ல மெல்ல மற்றப் பலன்கள் தெரிந்தன. எம்.சி.ஐ.யும் ஸ்பிரின்ட் என்ற இன்னொரு கம்பெனியும் சம உரிமையோடு தொலைதூரச் சந்தையில் இறங்கின. அழைப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. போட்டி போட்டுக்கொண்டு நாடு முழுக்கக் கண்ணாடியிழைக் கம்பி பதித்தார்கள். 1960களில் ராண்ட் நிறுவனத்தின் பால் பாரன், செய்தியைச் சிறு பொட்டலங்களாக நறுக்கி அனுப்பும் வலையமைப்பைப் பற்றிச் சொன்னபோது, நடக்காத காரியம் என்று ஏடி அண்ட் டி ஒதுக்கியது. 1988இல் அதே முறையில் ஓடும் என்.எஸ்.எஃப்.நெட் என்ற பல்கலைக்கழக முதுகெலும்பு வலையமைப்பு வேகம் கூட்டப்பட்டபோது, கம்பி கொடுத்தது எம்.சி.ஐ.; கணினி கொடுத்தது ஐ.பி.எம். இன்றைய இணையம் அதிலிருந்து கிளைத்தது.

பின்கதையையும் சொல்லியாக வேண்டும். 1996இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, கிரீனின் மேற்பார்வை முடிவுக்கு வந்தது. ஏழு வட்டார நிறுவனங்களும் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. பெல் அட்லாண்டிக், நைனெக்ஸை வாங்கி, பின்னர் வெரைசன் ஆனது. சவுத்வெஸ்டர்ன் பெல்லின் வழிவந்த எஸ்.பி.சி., பசிபிக் டெலிசிஸையும் அமெரிடெக்கையும் வாங்கியது. 2005இல் தன் பழைய தாய் நிறுவனமான ஏடி அண்ட் டியையே வாங்கி அதன் பெயரைச் சூட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே பெல்சவுத்தையும் சேர்த்துக்கொண்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஏழில் நான்கு, அதே பழைய பெயரின் கீழ் மறுபடி கூடிவிட்டன.

ஆகவே இந்த வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் தீர்ப்பு இது. பிரிப்பது ஒரு நாள் வேலை; திறந்த வழியைத் திறந்தே வைத்திருப்பது ஒவ்வொரு தலைமுறையும் செய்ய வேண்டிய வேலை. பெரிய நிறுவனத்தின் மீது அரசு வழக்குப் போடும்போது, நமக்குச் சேவை நன்றாகத்தானே கிடைக்கிறது, இவர்களை ஏன் தொந்தரவு செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். 1974இலும் அமெரிக்கர்கள் அப்படித்தான் கேட்டார்கள். அந்தக் கேள்வி வரும்போது, நமக்குக் கிடைப்பதை மட்டும் பார்க்காமல், யாருடைய கருவி இன்னும் இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்றும் பாருங்கள்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் தனிநபர் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கான இயங்குதளத்தை வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்திடம் வாங்கியது. அந்த நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசும் இருபது மாநிலங்களும் 1998 மே 18 அன்று வழக்குத் தொடுத்தன. அடுத்த பகுதியில் மைக்ரோசாஃப்ட்.